திருவருகைக் காலம் முதல் ஞாயிறு: பங்கில் ஆண்டுதோறும் கேட்கும் கேள்விகள்

நவம்பர் கடைசி வாரம் வந்தால் போதும், எங்கள் பங்கு (ஒரு கோயிலைச் சேர்ந்த சபை மக்கள்) வாட்ஸப் குழுவில் அதே கேள்விகள் வரிசையாக வந்துவிடும். மெழுகுவர்த்தி எத்தனை, எந்த நிறம், ஸ்டார் கட்டலாமா, திருப்பலியில் பாடும் 'உன்னதங்களிலே' என்ற வானவர் கீதம் உண்டா இல்லையா? பல வருடங்களாக வழிபாட்டுக் குழுவில் இருப்பதால் பதில் சொல்லும் வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். இனிமேல் இந்தப் பக்கத்தை அனுப்பிவிடலாம் என்று எழுதி வைக்கிறேன். நம் தமிழ்நாட்டு இலத்தீன் வழிபாட்டு முறைக் கத்தோலிக்கப் பங்குகளை மனதில் வைத்து எழுதியது. மற்ற சபைகளைப் பற்றியும் ஒரு கேள்வி உண்டு.

திருவருகைக் காலம் என்றால் என்ன?

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன்வரும் நான்கு ஞாயிறுகளைக் கொண்ட காலம். இலத்தீனில் 'அத்வெந்துஸ்' என்றால் வருகை. பேரரசர் ஒரு நகரத்துக்கு வருவதைச் சொல்ல உரோமையர்கள் பயன்படுத்திய சொல் அது. தெருவைக் கூட்டி, வாசலை அலங்கரித்து, ஊரே எல்லையில் போய்க் காத்துக் கிடக்கும் அந்தக் காட்சியை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும்.

யாருடைய வருகை? பெத்லகேமில் நடந்த வருகை ஒன்று. உலக முடிவில் நடக்கப்போகும் வருகை இன்னொன்று. 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பெர்னார்து இவை இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்றைச் சொன்னார்: இன்று நம் உள்ளத்துக்குள் ஆண்டவர் வருவது. மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்ல இந்த மூன்றும் போதும்.

எந்தத் தேதியில் தொடங்கும்? வருடா வருடம் ஏன் மாறுகிறது?

சூத்திரம் எளிது. நவம்பர் 30 புனித அந்திரேயா திருநாள். அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறே முதல் ஞாயிறு. ஆகவே நவம்பர் 27-க்கு முன்போ டிசம்பர் 3-க்குப் பின்போ அது வரவே வராது. 2025-இல் நவம்பர் 30, 2026-இல் நவம்பர் 29, 2027-இல் நவம்பர் 28, 2028-இல் டிசம்பர் 3.

கிறிஸ்துமஸ் எந்தக் கிழமையில் விழுகிறது என்பதைப் பொறுத்து இந்தக் காலத்தின் நீளமும் மாறும். 2022-இல் கிறிஸ்துமஸ் ஞாயிற்றுக்கிழமை வந்ததால் முழு 28 நாள் கிடைத்தது. திங்கட்கிழமை வந்தால் 22 நாள்தான்.

இன்னொன்று: காலம் தொடங்குவது ஞாயிறு காலையில் இல்லை, சனிக்கிழமை மாலைச் செபத்தோடு. சனி மாலைத் திருப்பலிக்கே பீடத்துணி ஊதாவாக மாறியிருக்க வேண்டும். கோயிலைப் பராமரிக்கும் கோயில்பிள்ளையிடம் வெள்ளிக்கிழமையே சொல்லிவிடுங்கள். சனி மாலை ஐந்து மணிக்கு ஊதாத் துணி எந்தப் பீரோவில் என்று தேடிய அனுபவம் எங்களுக்கு உண்டு.

அன்றைக்குத்தான் திருச்சபைக்குப் புத்தாண்டு என்கிறார்களே, உண்மையா?

ஆமாம், வழிபாட்டு ஆண்டு அன்றுதான் பிறக்கிறது. அதற்கு முந்தைய ஞாயிறு கிறிஸ்து அரசர் பெருவிழா, அதாவது பழைய ஆண்டின் கடைசி ஞாயிறு. அந்த விழா அவ்வளவு பழையதும் இல்லை. 1925-இல் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் ஏற்படுத்தியபோது அக்டோபர் கடைசி ஞாயிறில் இருந்தது. 1969-இல் வழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோதுதான் இப்போதைய இடத்துக்கு வந்தது.

வாசகர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வருகின்றன. முதல் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. மாற்றம் நிகழ்வது ஜனவரி 1-இல் அல்ல, இந்த ஞாயிறில்தான். 2025 நவம்பர் 30-இல் மத்தேயு, 2026 நவம்பர் 29-இல் மாற்கு, 2027 நவம்பர் 28-இல் லூக்கா. ஒரு வருடம் எங்கள் வாசகர் ஒருவர் போன வருடத்துப் பக்கத்தை எடுத்து, கணீர் என்ற குரலில் தவறான வாசகத்தைப் படித்து முடித்தார். மறையுரை வேறு வாசகத்தைப் பற்றி இருந்தது. கோயிலில் பாதிப் பேர் கவனிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

முதல் ஞாயிறு நற்செய்தியில் மரியாவும் இல்லை, குழந்தையும் இல்லை. உலக முடிவு பற்றி ஏன் பேசுகிறார்கள்?

எனக்குப் பிடித்த கேள்வி. மூன்று ஆண்டுகளிலும் முதல் ஞாயிறு நற்செய்தி இப்படித்தான். மத்தேயு 24-இல் நோவாவின் வெள்ளமும், இரவில் வரும் திருடனும். மாற்கு 13-இல் பயணம் போன வீட்டுத் தலைவரும் விழித்திருக்க வேண்டிய வாயில் காவலரும். லூக்கா 21-இல் கதிரவனிலும் நிலாவிலும் தோன்றும் அடையாளங்கள். மூன்றிலும் வருகிற கட்டளை ஒன்றே: விழிப்பாயிருங்கள்.

இந்தக் காலத்துக்கு இரண்டு பாதிகள் உண்டு. டிசம்பர் 16 வரை உள்ள முதல் பாதி இறுதி வருகையை நோக்குகிறது. 17 முதல் 24 வரை உள்ள இரண்டாம் பாதிதான் பெத்லகேமை நோக்கித் திரும்புகிறது. நடுவில் இரண்டு ஞாயிறுகளில் திருமுழுக்கு யோவான் வருவார். நான்காம் ஞாயிறில்தான் மரியாவும் யோசேப்பும் மேடைக்கு வருகிறார்கள். கதையைக் கடைசியிலிருந்து தொடங்கி ஆரம்பத்தை நோக்கி வருகிற மாதிரி. முதல் ஞாயிறன்றே மாட்டுத்தொழுவம், மேய்ப்பர்கள் என்று மறையுரை போனால், வாசகம் படித்தவருக்கே குழப்பமாகிவிடும்.

மெழுகுவர்த்தி வளையம் எங்கிருந்து வந்தது?

ஞாயிறுக்கு ஒரு மெழுகுவர்த்தியாக ஏற்றும் இந்தப் பச்சைக் கிளை வளையம் பழமையான கத்தோலிக்க மரபு என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் இது லூத்தரன்காரர்கள் தந்தது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் யோஹான் ஹின்ரிச் விக்கர்ன் என்ற போதகர் ஏழைச் சிறுவர்களுக்காக ஓர் இல்லம் நடத்திவந்தார். கிறிஸ்துமஸ் எப்போ வரும், எப்போ வரும் என்று பிள்ளைகள் நச்சரிக்க, 1839-இல் ஒரு வண்டிச் சக்கரத்தை எடுத்து அதில் மெழுகுவர்த்திகளை நட்டார். ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்தி, வார நாட்களுக்குச் சின்னச் சிவப்பு மெழுகுவர்த்தி. நாளுக்கு ஒன்றாக ஏற்றி, பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வந்தார்கள். பிறகு அது நான்கு மெழுகுவர்த்தியாகச் சுருங்கி வீடுகளுக்குள் போனது. கத்தோலிக்கக் கோயில்களுக்கு வந்தது 20-ஆம் நூற்றாண்டில்தான்.

வளையம் இல்லாவிட்டால் திருப்பலி செல்லாதா என்று ஒருவர் உண்மையிலேயே கேட்டார். செல்லும். பொருத்தமான, அழகான பக்தி முயற்சி, அவ்வளவுதான்.

சொல் பற்றி ஒரு வார்த்தை. அறிவிப்புப் பலகையில் தயவுசெய்து 'மலர் வளையம்' என்று எழுதாதீர்கள். நம் ஊரில் மலர் வளையம் எங்கே வைப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். 'திருவருகை வளையம்' என்றால் போதும்.

வளையத்தை எதில் செய்வது? இங்கே ஊசியிலை மரமே இல்லையே?

ஐரோப்பாவில் குளிர்காலத்திலும் பச்சை மாறாத மரக்கிளைகளை வைப்பார்கள். எல்லாம் மொட்டையாக நிற்கும் பருவத்தில் அந்தப் பச்சைக்கு ஒரு பொருள் இருக்கிறது. நமக்கோ கார்த்திகை மாதம், வடகிழக்குப் பருவமழை, காணும் இடமெல்லாம் பச்சை. எங்கள் பங்கில் சவுக்குக் கிளைதான். கிறிஸ்துமஸ் மரத்துக்கும் அதைத்தானே வெட்டுகிறோம். வளைக்க எளிது, ஒரு வாரம் தாங்கும், வாரம் ஒரு முறை மாற்றினால் போதும். கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். பிளாஸ்டிக் வளையம் மட்டும் வேண்டாம் என்பது என் கட்சி. மெழுகு சொட்டி, தீ பிடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

அடிச்சட்டத்துக்கு பழைய சைக்கிள் ரிம் அருமையாகப் பொருந்தும். விக்கர்னின் வண்டிச் சக்கரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. மெழுகுவர்த்தியின் அடியில் ஒரு தகர மூடியோ களிமண் அகலோ வையுங்கள். அப்புறம் மின்விசிறி! பீடத்துக்கு மேலே சுற்றும் மின்விசிறியை நிறுத்தாமல் வளையம் ஏற்றப்போய், மூன்று தீக்குச்சி அணைந்து, பீடச் சிறுவன் முகம் சிவந்து, பாடகர் குழு அதே பல்லவியை ஐந்தாவது முறை பாடிய ஞாயிறு ஒன்று எங்கள் பங்கின் வரலாற்றில் இருக்கிறது.

எந்த மெழுகுவர்த்தி முதலில்? நான்கும் ஒரே நிறமாக இருக்கலாமா?

வழக்கமாக மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம். முதல், இரண்டாம், நான்காம் ஞாயிறுகளுக்கு ஊதா. மூன்றாம் ஞாயிறுக்கு ரோஜா நிறம். அது மகிழ்ச்சி ஞாயிறு. 'மகிழுங்கள்' என்ற சொல்லோடு, திருப்பலித் தொடக்கத்தில் வரும் வருகைப் பல்லவி தொடங்குவதால் அந்தப் பெயர். அன்று குருவும் ரோஜா நிற உடை அணியலாம், அந்த உடை இல்லாத பங்கில் ஊதாவே போதும்.

முதல் வாரம் ஒன்று, அடுத்த வாரம் பழையதோடு இன்னொன்று என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். நான்காம் ஞாயிறில் நான்கும் எரியும். முதல் வாரத்து மெழுகுவர்த்தி குட்டையாகவும் கடைசி வாரத்தது நெட்டையாகவும் நிற்பது பிழை இல்லை, அதுதான் அழகு. 'ஒரே உயரமாக இருக்கட்டும்' என்று புது மெழுகுவர்த்தி வாங்கி மாற்ற வேண்டாம்.

நான்கும் வெள்ளையாக இருந்தாலும், ஜெர்மன் வீடுகளில் போலச் சிவப்பாக இருந்தாலும் குற்றமில்லை. எதிர்நோக்கு, அமைதி, மகிழ்ச்சி, அன்பு என்று பெயர் வைப்பதும் நல்ல பழக்கம்தான். ஆனால் அது சட்டம் இல்லை, வேறு பெயர்களில் சொல்லும் இடங்களும் உண்டு. நடுவில் ஐந்தாவதாக வெள்ளை மெழுகுவர்த்தி வைக்கும் பங்குகள் அதைக் கிறிஸ்து பிறப்பு இரவில் ஏற்றும்.

வளையத்தை மந்திரிப்பது, அதாவது ஆசீர்வதிப்பது, முதல் ஞாயிறில் மட்டும். அடுத்த மூன்று ஞாயிறுகளில் தனிச் சடங்கு எதுவும் வேண்டாம், திருப்பலிக்கு முன் அமைதியாக ஏற்றினால் போதும். ஒவ்வொரு வாரமும் முன்னுரை, நடனம், பவனி என்று பதினைந்து நிமிடம் எடுத்துக்கொள்ளும் பங்குகளைப் பார்த்திருக்கிறேன். வளையத்துக்காகத் திருப்பலியா, திருப்பலிக்காக வளையமா என்று தெரியாமல் போய்விடுகிறது.

ஊதா நிறம் என்றால் தவக்காலமா? நோன்பு இருக்க வேண்டுமா?

கட்டாய நோன்பு இல்லை. ஆனால் ஒரு காலத்தில் இருந்தது. 5-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் தூர் நகர ஆயர் பெர்பெத்துவுஸ், நவம்பர் 11 புனித மார்ட்டின் திருநாளிலிருந்து கிறிஸ்துமஸ் வரை வாரத்தில் மூன்று நாள் நோன்பு இருக்கச் சொன்னார். அந்த நீளத்தின் சுவடு மிலான் நகரில் இன்றும் இருக்கிறது. அங்கே அம்புரோசியார் வழிபாட்டு முறையில் திருவருகைக் காலம் ஆறு வாரம்.

இன்றைய நாட்காட்டி விதி இதை மகிழ்ச்சியோடும் பக்தியோடும் காத்திருக்கும் காலம் என்கிறது. தவக்காலத்தின் கண்டிப்பு இல்லை, கிறிஸ்துமஸின் கொண்டாட்டமும் இல்லை. அதனால்தான் 'உன்னதங்களிலே' ஞாயிறுகளில் விடப்படுகிறது, 'அல்லேலூயா' மட்டும் தொடர்கிறது. பெத்லகேம் வயல்வெளியில் வானவர்கள் பாடிய பாட்டுதான் 'உன்னதங்களிலே'. நான்கு வாரம் வாயில் வராமல் இருந்து, கிறிஸ்துமஸ் இரவில் மணிகளோடு திரும்ப வரும்போது அந்த முதல் வரிக்கே உடம்பு சிலிர்க்கும். வாரா வாரம் பாடிக்கொண்டிருந்தால் அந்தச் சிலிர்ப்பு எங்கிருந்து வரும்?

பூவும் அளவாக, இசையும் அளவாக. மூன்றாம் ஞாயிறில் மட்டும் கொஞ்சம் தாராளம். ஒப்புரவு அருட்சாதனத்துக்கு (பாவசங்கீர்த்தனத்துக்கு) நல்ல காலம் இது. 23-ஆம் தேதி நீண்ட வரிசையில் நிற்பதைவிட முதல் வாரத்திலேயே போய்விடலாம்.

கிறிஸ்துமஸ் பாட்டை எப்போதிலிருந்து பாடலாம்?

வழிபாட்டில் என்றால், டிசம்பர் 24 மாலையிலிருந்து. இதைச் சொன்னால் பாடகர் குழுவில் என்னோடு பேசாதவர்கள் சிலர் உண்டு.

அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் கேரல் ரவுண்ட்ஸ் டிசம்பர் தொடக்கத்திலேயே கிளம்பிவிடும். அன்பியம் (பங்கின் சிறு குடும்பக் குழு) அன்பியமாக, தெருத் தெருவாக, கிறிஸ்துமஸ் தாத்தா முன்னே ஆட, டிரம் பின்னே முழங்க, இரவு பதினொரு மணி வரை. பனியில் நனைந்து, ஒவ்வொரு வீட்டிலும் கேக்கும் காபியும் குடித்து, தொண்டை கட்டிப்போய் வரும் அந்த நாட்களை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் டிரம் தூக்கியவன்தான். வீதியில் பாடுங்கள். ஆனால் கோயிலுக்குள், ஞாயிறு திருப்பலியில், திருவருகைக் காலப் பாடல்களைப் பாடுங்கள். 'வாரும் ஆண்டவரே' என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே 'வந்துவிட்டார்' என்று பாடினால் எப்படி?

எசாயா 45-இல் வானங்களை மேலிருந்து பொழியச் சொல்லி ஒரு வசனம் வரும். நான்காம் ஞாயிறின் வருகைப் பல்லவி அது. மழை கொட்டும் டிசம்பரில், கூரைத் தகரம் தடதடக்க அதைப் பாடும் சுகமே தனி. ஒரு முறை பாடிப் பாருங்கள்.

ஸ்டார், குடில் எல்லாம் முதல் ஞாயிறே வைத்துவிடலாமா?

வீட்டில் ஸ்டார் கட்டுவது உங்கள் விருப்பம். டிசம்பர் 1 என்றாலே வாசலில் ஸ்டார் என்பது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். காகித ஸ்டார் என்றால் ஓட்டுக்கு அடியில் கட்டுங்கள், ஒரு மழைக்கே கூழாகிவிடும்.

குடிலை மெதுவாகக் கட்டலாம் என்பது என் யோசனை. புனித பிரான்சிஸ் அசிசியார் 1223-இல் கிரேச்சோ என்ற ஊரில் முதல் குடிலை அமைத்தது கிறிஸ்துமஸ் இரவுக்காகத்தான். முதல் வாரம் வைக்கோலும் களிமண்ணும், இரண்டாம் வாரம் ஆடுமாடு, அப்புறம் மேய்ப்பர்கள், நான்காம் வாரம் மரியாவும் யோசேப்பும். தீவனத்தொட்டி 24 இரவு வரை காலியாகவே இருக்கட்டும். எங்கள் பங்கில் பிள்ளைகள் ஒரு நற்செயல் செய்தால் ஒரு வைக்கோல் துரும்பை அந்தத் தொட்டியில் போடுவார்கள். 24-ஆம் தேதி போய்ப் பார்த்தால் தொட்டி நிரம்பி வழியும். நற்செயலா, விளையாட்டா என்று யாரும் கணக்கு கேட்பதில்லை.

சவேரியார் திருவிழாவும் இதே நேரத்தில் வருகிறதே?

குமரி மாவட்டத்துக்காரர்கள் கேட்கும் கேள்வி. கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தில் பத்து நாள் திருவிழா டிசம்பர் 3-இல் முடிகிறது. மாவட்டத்துக்கே அன்று உள்ளூர் விடுமுறை. ஊரே தேர்ப்பவனியில் இருக்கும்போது அமைதியாகக் காத்திருங்கள் என்றால் யார் கேட்பார்கள்? இரண்டையும் சேர்த்துத்தான் நாம் வாழ்கிறோம். நாட்காட்டி விதிப்படி திருவருகைக் கால ஞாயிறுக்கே முதலிடம். டிசம்பர் 8 அமலோற்பவ அன்னை பெருவிழா ஞாயிறில் வந்தால் மறுநாளுக்குத் தள்ளப்படுவதும் அதனால்தான். 2024-இல் அப்படித்தான் 9-ஆம் தேதி கொண்டாடினோம். அந்தப் பெருவிழாவில் 'உன்னதங்களிலே' உண்டு என்பதையும் பாடகர் குழு குறித்துக்கொள்ளட்டும்.

இந்தக் காலத்தில் கல்யாணம் வைக்கலாமா?

தடை இல்லை. பகட்டு குறைவாக இருக்க வேண்டும். சில பங்குகளில் வைப்பதில்லை என்ற வழக்கம் உண்டு, மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் பங்குத்தந்தையைக் கேட்டுவிடுங்கள்.

மற்ற சபைகளில் எப்படி?

சி.எஸ்.ஐ., லூத்தரன் சபைகளில் அட்வென்ட் ஞாயிறுகள் உண்டு, வளையமும் உண்டு. அவர்களிடமிருந்து நாம் வாங்கிய வளையம்தானே. பெந்தெகொஸ்தே சபைகள் பொதுவாக இந்தக் காலத்தைக் கடைப்பிடிப்பதில்லை. கேரளத்திலும் மார்த்தாண்டம், தக்கலைப் பக்கத்திலும் இருக்கும் சிரியன் மரபுக் குடும்பங்களில் டிசம்பர் 1 முதல் 'இருபத்தைந்து நோன்பு' இருக்கிறார்கள். கறியும் மீனும் இல்லாமல் இருந்து, கிறிஸ்துமஸ் விடியலில்தான் நோன்பை முறிப்பார்கள். என் நண்பன் வீட்டில் அந்தக் காலை உணவைப் பார்த்தபோதுதான் கட்டாயம் இல்லாத நம் நோன்பை நினைத்து எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

வீட்டில் என்ன செய்யலாம்?

ஒரு தாம்பாளத்தில் நான்கு அகல்விளக்கு. கார்த்திகைக்கு அடுக்கி விற்கும் அதே அகல்தான், விலையும் மலிவு. சாப்பாட்டுக்கு முன் அந்த வாரத்துக்குரிய எண்ணிக்கையில் ஏற்றி, வீட்டின் கடைக்குட்டி ஒரு வசனம் படித்தால் முடிந்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

டிசம்பர் 17 முதல் 23 வரை மாலைச் செபத்தில் ஏழு அழைப்புகள் வருகின்றன: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் தளிரே, தாவீதின் திறவுகோலே, உதயமே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே. இலத்தீனில் இவற்றின் முதலெழுத்துகளைக் கடைசியிலிருந்து கோத்தால் 'நாளை இருப்பேன்' என்று வரும். பிள்ளைகளுக்கு இந்தப் புதிர் பிடிக்கும். ஏழு நாள், ஏழு பெயர், முறுக்கு சுட்டுக்கொண்டே கூடச் சொல்லலாம். முந்திரிக்கொத்துக்கு உருண்டை பிடிக்கும் வேலை இருந்தால் இன்னும் வசதி, எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

நான்காம் ஞாயிறே டிசம்பர் 24-இல் வந்தால்?

2023-இல் வந்தது, 2028-இல் மறுபடியும் வரும். காலையில் திருவருகைக் காலம் நான்காம் ஞாயிறுத் திருப்பலி, ஊதா உடை, நான்கு மெழுகுவர்த்தி. இரவில் கிறிஸ்து பிறப்புத் திருப்பலி, வெள்ளை உடை. காலைத் திருப்பலிக்கு வந்ததால் கிறிஸ்துமஸ் திருப்பலிக்கு வர வேண்டிய கடமை முடிந்துவிடாது, இரண்டும் தனித்தனி. இடையில் இருக்கும் சில மணி நேரத்தில் ஊதாத் துணியை எடுத்து மடித்து, பீடம் முழுக்க மாற்றி, குடிலை முடிக்க வேண்டும். அந்த மதியத்துக்கு ஆட்களை இப்போதே எழுதி வையுங்கள். அன்று யாரைக் கூப்பிட்டாலும் பிரியாணிக்குக் கறி வாங்கப் போயிருப்பார்கள்.